நெஞ்சுக்குள் இரண்டு தரம்

என் நெஞ்சுக்குள் யாரோ ஏலம் விடுகிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி இசக்கியம்மாள். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன். பகல் பதினொன்றரை மணி. பாவூர்சத்திரத்தில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு நாய்கூட வெளியே தலைகாட்டாது. அவள் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்த என்னிடமிருந்து ஒரு சத்தம். குறட்டை இல்லை. இருபத்து நான்கு வருடமாகக் கேட்கிற குறட்டை அவளுக்குத் தெரியாதா? என் வாய் மூடியிருந்ததாம். சத்தம் நெஞ்சுக்குழிக்கு மேலே, பனியனுக்கு உள்ளே இருந்து வந்ததாம். கனத்த குரலில் ஒன்று. கொஞ்சம் இடைவெளி. அதேபோல, ஆனால் மெலிந்து, இன்னொன்று. அப்புறம் ஒன்றுமில்லை.

நான் எழுந்ததும் சொன்னாள். "நீங்க மார்க்கெட்டுல சொல்லுத மாதிரியே இருக்குங்க. ஒரு தரம், ரெண்டு தரம்னு. மூணாவது தரம் மட்டும் வரல."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நான் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு ஏலம் கூறுகிறவன். மூன்றாவது தரம் சொன்னால் என்ன ஆகும் என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சரக்கு கைமாறிவிடும்.

இதை உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதிலிருந்தே சரக்கு இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். எழுதக் காரணம் ஒன்றுதான். எங்கள் மார்க்கெட்டில் பாதிப் பேர் நெஞ்சைத் தடவிக்கொண்டே திரிகிறார்கள். கேட்டால் வாயு என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அது ஆரம்பித்தது ஒரு சின்ன வெங்காய ஏலத்தின் நடுவில். மார்புக்கு நடுவே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். மாரடைப்பு என்று முடிவு செய்து, மூட்டை மேல் சாய்ந்து, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பதை லோடு ஆட்டோ ஓட்டும் மைதீன் பாயிடம் சொல்லிவிட்டேன். பாய் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். தூக்கிப் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் பறந்தார். இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் பிரமாதமாக இருந்தது. திரும்பி வரும்போது பாய் கேட்ட ஒரே கேள்வி, "சாவி அங்கனதான் இருக்கா, இடம் மாத்துவியளா?" என்பதுதான்.

அதன்பிறகு குரல் போக ஆரம்பித்தது. எனக்குச் சொத்து என்று இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். அதிகாலை மூன்றரை மணிக்கு நான் கத்தரிக்காய்க்கு விலை கூறினால் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற விவசாயிக்குக் கேட்கும். அது தகர டப்பாவைத் தரையில் இழுக்கிற சத்தமாக மாறியது. சோறு நெஞ்சில் நின்று, யோசித்து, பிறகு இறங்கியது. தொண்டையில் எப்போதும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. முதலாளி இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் எடை போடுகிற முருகேசனை ஏலம் கூறச் சொன்னார். அவனுக்கு நல்ல குரல். அன்றைக்கு எனக்கு வந்த நெஞ்செரிச்சலில் அமிலம் பாதிதான்.

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனை. வயிறு, குடல் பார்க்கும் டாக்டர் ஒரு பெண்மணி, முப்பத்தைந்து வயது இருக்கும். வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார். அப்போது நான் செய்த ஆர்ப்பாட்டங்களை இங்கே எழுதப்போவதில்லை. மருத்துவமனையில் விசாரித்தால் சொல்வார்கள். புற்று இல்லை என்றார். உணவுக்குழாயின் அடியில் புண் இருக்கிறது, அமிலம் மேலே ஏறுகிறது என்றார்.

நான் புரிந்துகொண்டது இது. உணவுக்குழாய் என்பது தண்ணீர்க் குழாய் மாதிரி சும்மா நிற்கிற குழாய் இல்லை. அது முழுக்கச் சதை. பாவாடைக்கு நாடா கோக்கும்போது ஊக்கைத் துணிக்குள் தள்ளித் தள்ளி நகர்த்துவோமே, அதுபோல ஒவ்வொரு கவளத்தையும் மேலிருந்து கீழே பிதுக்கித் தள்ளிக்கொண்டே போகும். அடியில், இரைப்பை தொடங்குகிற இடத்தில், சுருக்குப்பையின் வாய் போல ஒரு தசை வளையம். கவளம் வந்தால் திறக்கும், போனதும் இறுகும். என் சுருக்குப்பை கவளம் வராதபோதும் நினைத்த நேரத்தில் வாய் திறக்கிறது.

"யாரு திறக்கா டாக்டர்?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. அதுவா திறக்குது" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

மாத்திரையோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். இரவில் கனமாகச் சாப்பிடக்கூடாது. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். அந்தத் தாளுக்கு நான் காட்டிய பக்தியைச் சாமிக்குக் காட்டியிருந்தால் இந்நேரம் நேரில் வந்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு இரண்டு இட்லி, எட்டு மணிக்குப் படுக்கை. இசக்கி கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்தாள். முதல் ராத்திரி வழுக்கிக்கொண்டே போய் விடியுமுன் கட்டிலின் கால்மாட்டில் உருண்டையாகக் கிடந்தேன். ஆறு மாதம் இப்படி. புண் ஆறவில்லை, குரல் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

பகலில் மட்டும்தான் வந்தது. அதுதான் எங்களைக் கலக்கியது. எங்கள் பக்கம் பேய்களுக்கு இரவு ஷிப்டு மட்டுமில்லை, பகல் ஷிப்டும் உண்டு. சுடலைமாடனுக்கு உச்சிப்பொழுதிலும் கொடை கொடுக்கிற ஊர் இது. வெயில் உச்சிக்கு ஏறி, நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்கிற நேரத்தில் என்னென்ன நடமாடும் என்று எல்லாருக்கும் தெரியும். இசக்கி என் தலைமாட்டில் திருநீறும் ஒரு வேப்பங்கொத்தும் வைத்தாள். ஏட்டி, உக்கிரமான அம்மன் பெயரோடு வீட்டுக்குள்ளேயே ஓர் இசக்கி இருக்கும்போது வேறு எது வரத் துணியும் என்று கேலி பேசினேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாள் செல்போனில் அந்தச் சத்தத்தைப் பிடித்து வைத்திருந்தாள்.

காதோடு வைத்துக் கேட்டேன். மின்விசிறி கிறீச்சிடுகிறது. தூரத்தில் லாரி ஹாரன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது. அடியாழத்திலிருந்து, தண்ணீருக்குள் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி. நிறுத்தம். மறுபடி, பலவீனமாக. நான் விலை கேட்டுக் காத்திருக்கும்போது விடுகிற அதே அளவு இடைவெளி. என் குரல்தான். ஆனால் நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் பதிவு முடிகிறவரை நானும் அவளும் மூன்றாவதுக்காகக் காத்திருந்தோம். மின்விசிறி மட்டும் சுற்றியது.

மறுநாளே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். தளர்ந்த வளையத்தை அறுவை சிகிச்சை செய்து இறுக்கலாம் என்று அவர் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். இரைப்பையின் மேல்பகுதியை எடுத்து உணவுக்குழாயின் அடியைச் சுற்றித் துண்டு கட்டுகிற மாதிரி கட்டிவிடுவது. "கட்டிருங்க டாக்டர். இறுக்கமா கட்டிருங்க. இந்த வாரமே" என்றேன். இசக்கி தாலிச் செயினைக் கழுத்திலிருந்து ஏற்கெனவே பாதி கழற்றிவிட்டாள். பில் எவ்வளவு என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

டாக்டர் அவசரப்படவில்லை. "கதவ இறுக்கிடலாம் சார். உள்ள இருந்து தள்ளுறதுக்கு ஆள் இருக்கான்னு பாக்காம இறுக்கக்கூடாது."

அந்த வாக்கியம் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. உள்ளே ஆள் இருக்கிறானா என்பதுதானே எங்கள் வீட்டிலும் கேள்வி.

அதற்காகத் தசையின் வேலையை அளக்கிற ஒரு சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தி, வெறும் வயிற்றில் காலை பதினோரு மணிக்குப் போனேன். காத்திருப்பு அறையில் எனக்குப் பக்கத்தில் கடையத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், எனக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். தன் மச்சினனுக்கும் இதேதான் என்றார். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பெரியவர் மேலே ஓடிக்கொண்டிருந்த டி.வி.யைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

செங்கோட்டைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, பெயர் ஷீபா. "பேடிக்காதீங்க அண்ணாச்சி" என்று பாதி மலையாளத்தில் பயம் போக்கி, மரத்துப்போகிற களிம்பைத் தடவி, மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கினாள். கண்ணில் நீர், குமட்டல், குலதெய்வம் எல்லாம் வந்தன. பிறகு மல்லாக்கப் படுக்க வைத்தாள். பக்கத்தில் ஒரு திரை. மேல்விளிம்பு என் தொண்டை, கீழ்விளிம்பு என் இரைப்பை. தசை இறுகுகிற இடம் சிவப்பு. சும்மா கிடக்கிற இடம் நீலம். பத்து மடக்கு உப்புநீர் தருவாளாம். சொல்லும்போது மட்டும் ஒரே தடவை விழுங்க வேண்டும். நல்ல தசை என்றால் சிவப்புக் கோடு ஒன்று மேலிருந்து சாய்வாகக் கீழே இறங்கும்.

விழுங்கினேன். மேலே பளிச்சென்று சிவப்பு. கொஞ்ச தூரம் இறங்கியது. மங்கியது. அப்புறம் நீலம்.

"விழுங்குங்க அண்ணாச்சி."

"விழுங்கிட்டேம்மா."

அவள் திரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆள் குடியில்லாத நீளமான ஒரு வராந்தா போல நீலமாக இருந்தது. நான் விழுங்கியது பொய்யில்லை. தண்ணீர் தொண்டையைக் கடந்ததை உணர்ந்தேன். ஐம்பது வருடமாக நான் விழுங்கியதும் மீதி வேலையைச் செய்ய உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். திரையில் யாருமே இல்லை. தண்ணீர் நெஞ்சுக்குள் ஏதோ ஓர் இடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. குளிர்சாதனத்தின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

பத்தில் இரண்டு மடக்குக்குத்தான் கோடு முழுதாக இறங்கியது. மற்ற எட்டுக்கும் வராந்தா. "பின்ன எப்படிம்மா இத்தனை நாளா சோறு இறங்குச்சு?" என்று கேட்டேன். "நின்னுக்கிட்டோ இருந்துக்கிட்டோ சாப்பிடுறீங்கல்லா. அதோட பாரத்துல விழுது" என்றாள். விழுகிறது. யாரும் இறக்கவில்லை, தானாக விழுகிறது. இதை ஏன் கேட்டேன் என்று ஆகிவிட்டது.

அடுத்து அமிலத்தை அளக்க இன்னும் மெல்லிய குழாய் ஒன்றை மூக்கில் விட்டு, மறுமுனையை இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியோடு மாட்டினார்கள். மறுநாள் மதியம் ஒரு மணி வரை. எரிச்சலோ வலியோ வந்தால் பெட்டியின் பட்டனை அமுக்க வேண்டும். சாப்பிட்ட நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். குளிக்கக்கூடாது. மற்றபடி தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள் என்றார்கள்.

மைதீன் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வண்டியைக் குற்றாலத்துக்கு விட்டார். சீசன் இல்லை. கடைகளில் பாதி மூடிக் கிடந்தன. ஆயிரம் பேர் முண்டியடிக்கிற அருவிக்கரையில் ஒரு மனிதன் இல்லை. பாறை மட்டும் கருப்பாக, உயரமாக நின்றது. அதன் முகத்தில் ஒரே ஒரு விரல் பருமனுக்குத் தண்ணீர், விழலாமா வேண்டாமா என்று வழிந்துகொண்டிருந்தது. சீசனில் அருவி தள்ளிக்கொண்டு வரும். இப்போது தள்ள ஆள் இல்லை, தானாக விழுகிறது. ஷீபா சொன்னது நினைவு வந்தது. பட்டனை அமுக்கினேன். கம்பிமேல் ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்து, என் மூக்கிலிருந்து தொங்கிய குழாயையே பார்த்தது. அதன் பார்வையில் கேலி இருந்தால்கூடப் பரவாயில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிப் பார்த்தது. மறுபடி அமுக்கினேன்.

"என்ன, எரியுதா?" என்றார் பாய்.

"இல்ல பாய். குரங்கு பாக்குது."

மறுநாள் அதிகாலை குழாயோடு மார்க்கெட்டுக்குப் போனேன். சுமை தூக்குகிறவர்கள் சுற்றிக்கொண்டார்கள். "அண்ணாச்சி, சார்ஜ் போட்டிருக்கியளா? எத்தனை பெர்சன்ட் ஏறியிருக்கு?" என்றான் ஒருவன். முருகேசன் ஏலம் கூறிக்கொண்டிருந்தான். அமுக்கினேன். எட்டரைக்கு வழக்கம்போல நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து, வழக்கம்போலக் குளிர்ந்த தரையில் துண்டை விரித்துக் கட்டையைச் சாய்த்தேன். பன்னிரண்டுக்கு எழுந்து தென்காசிக்குப் போனோம்.

பெட்டியைக் கணினியில் மாட்டி, இரண்டு நாள் கழித்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். மேஜையில் நீளமான ஒரு வரைபடம். கோடு கீழே விழுந்தால் அமிலம் மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

"இருபத்தேழு தடவ பட்டன் அமுக்கியிருக்கீங்க. ஒரு தடவகூட அந்த நேரத்துல அமிலம் இல்ல."

"குரங்கு இருந்துச்சு டாக்டர்" என்றேன்.

அவர் விரல் தாளின் கடைசிப் பகுதிக்கு நகர்ந்தது. அங்கே கோடு பள்ளத்தில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. "காலைல பத்து மணிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் என்ன பண்ணீங்க? உங்க தாள்ல ஒண்ணுமே எழுதல."

"ஒண்ணும் பண்ணல. சும்மா கட்டையச் சாய்ச்சேன்."

"தூங்குனீங்களா?"

"தூக்கம் ராத்திரி டாக்டர், எட்டு மணிக்கு. அது எழுதியிருக்கேன். இது சாய்க்கது."

"எவ்வளவு நேரம் சாய்ச்சீங்க?"

"ரெண்டு, ரெண்டரை மணி நேரம்."

"தினமுமா?"

"மார்க்கெட்டுல எல்லாரும் அப்படித்தான்."

செங்கல் வைத்த கட்டில், மாலை ஐந்து மணி இட்லி, ஆறு மாதப் பக்தி எல்லாம் என் கண்முன்னால் ஒவ்வொன்றாகப் போயின. எங்களுக்கு ராத்திரி என்பது காலை ஒன்பதரைக்குத்தான் தொடங்குகிறது. அந்தத் தாள் சொன்ன இரவு உணவு, அந்த நாலு பரோட்டாதான். எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்போதுதான் இசக்கி பையிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்தாள். குழாய் மாட்டியிருந்த அன்றைக்குக் கிழித்த தாள். அதன் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தாள். பத்து இருபது, ஒரு தரம், ரெண்டு தரம். பத்து ஐம்பத்தஞ்சு, ஒரு தரம், ரெண்டு தரம். பதினொண்ணு முப்பது, ஒரு தரம், ரெண்டு தரம். நான் தூங்கியபோது, என் பக்கத்தில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

டாக்டர் அந்தத் தாளை வரைபடத்தின் ஓரத்தில் வைத்தார். மூன்று நேரங்களிலும் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. எனக்குக் கையில் முடி சிலிர்த்தது. என் நெஞ்சுக்குள் நடந்தது கருவிக்குத் தெரிந்திருக்கிறது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. எனக்கு ஏதோ நடப்பதாக நினைத்து நான் அமுக்கிய இருபத்தேழு தடவையும் அங்கே எதுவும் இல்லை. அது நிஜமாக வந்தபோதெல்லாம் நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சத்தம் என்னனு உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "மொதல்ல வர்றது காத்தும் அமிலமும் மேல ஏறுறதா இருக்கலாம். ரெண்டாவது, குழாய் அத இறக்க முயற்சி பண்றது."

"அப்ப மூணாவது?" என்று இசக்கி கேட்டாள்.

"அதுதாம்மா வரணும். அமிலம் மேல வந்தா, நாம விழுங்காமலே குழாய் தானா அழுத்தி ஒரு தள்ளு தள்ளிக் கீழ அனுப்பணும். இவருக்கு அந்தத் தள்ளு வரல. தூங்கும்போது எச்சிலும் விழுங்க மாட்டோம். மல்லாந்து படுத்தா தானா விழவும் வழியில்ல. ஏறுன அமிலம் அப்படியே நிக்குது."

இத்தனை நாளாக எது வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தோமோ, அதுதான் வரவேண்டியதாம்.

தசை தளர்ந்ததால் அமிலம் தங்கியதா, அமிலம் தங்கித் தங்கித் தசை தளர்ந்ததா என்று கேட்டேன். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும், எது முந்தி என்று சொல்ல முடியாது என்றார். அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம். நான் கெஞ்சியபடி வளையத்தை முழுதாக இறுக்கியிருந்தால், தள்ள ஆளில்லாத குழாயில் ஒவ்வொரு கவளமும் மூடிய கதவுக்கு மேலே நின்றிருக்கும். பின்னால் தேவைப்பட்டால் பாதிச் சுற்று, தளர்வாகக் கட்டலாம். முதலில் பரோட்டாவையும் தரையையும் விடுங்கள் என்றார்.

விட்டேன். எட்டரைக்கு இட்லி. அப்புறம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது இசக்கி கையில் பூண்டைக் கொடுத்துவிடுவாள். இந்த வட்டாரத்தில் என்னளவு பூண்டு உரித்த ஏலக்காரன் இல்லை. பகல் பன்னிரண்டுக்குச் செங்கல் கட்டிலில், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கை. ஒருக்களித்தால் வழுக்காது என்பதையும் ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். நாலு மாதத்தில் குரல் முக்கால் பங்கு வந்துவிட்டது. முதலாளி மறுபடி என்னையே ஏலம் கூறச் சொன்னார். முருகேசன் எடைக்குப் போனான். 'மூணு தரம்' என்னும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் கம்முகிறது. அவன் தராசுக்குப் பின்னாலிருந்து அதை அப்படியே நடித்துக் காட்டுகிறான்.

தசை திரும்பி வரவில்லை. வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு வாய் விழுங்கியபிறகும் அந்த நீல வராந்தாவை நினைக்கிறேன். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, அது விழுகிற வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பாயசத்தில் கொஞ்சம் துணிந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நாற்காலியில் அசந்தவனுக்கு எப்போது தலை பின்னால் சாய்ந்தது என்று தெரியவில்லை. தோளை யாரோ உலுக்கினார்கள். கண் விழித்தால் வெந்நீர்த் தம்ளரோடு இசக்கி. ஜன்னலில் உச்சி வெயில். தெருவில் ஒரு சத்தமில்லை.

"ரெண்டு தரம் சொல்லியாச்சு" என்றாள். "விழுங்குங்க."

விழுங்கினேன். அவள் என் மார்பில் காதை வைத்தாள். நான் அசையவில்லை. மின்விசிறி ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"ஏலக்காரன் போயிட்டானா?" என்று கேட்டேன்.

"இறங்கிட்டான்" என்றாள். காதை எடுக்கவில்லை. "போகல."